ஒரு மைலுக்குக் கீழே

18 ஜூன் 1967, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. தகரக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. ஒன்றுக்கு வாளி, இன்னொன்றுக்குச் சோற்றுக் குண்டான்.

இவர் நேற்று குஜராத்திலிருந்து வந்தார். எண்ணெய்க் கிணறு துளைக்கும் ரிக்கில் வேலை. சட்டையில் சோப்புக்கு அசையாத நாற்றம். காயவைக்க வெயிலும் இல்லை. சர்ச் முடிந்து டீக்கடைக்குப் போனவர் சாப்பாட்டுக்குத்தான் திரும்பினார். முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், குடைக்கு ஒரு கம்பி, ஆறாம் வகுப்புக்குச் சாக்பீஸ் (பள்ளியில் கேட்டால் கிடைக்காது).

19, திங்கள்

குழாயடியில் ஒரே பேச்சு.

"டீச்சர் வீட்டுக்காரரு பூமிக்குள்ள ஒரு மைலுக்குக் குழி போட்டு, மைக்கைக் கட்டி இறக்குனாவளாம். கும்பலா மனுசங்க அலறுத சத்தமாம்!"

"அது நரகம்லா."

"பாதாளம்ட்டி. ஆதிசேஷன் முதுகுல குத்துனா அவன் சும்மா இருப்பானா?"

குடத்தை நிரப்பாமலேயே வந்து இவரைக் கேட்டேன். சிரிக்கிறார். "ரிக்குக்குப் புதுசா வாரவனப் பயமுறுத்தச் சொல்லுத கதைளா. டீக்கடையில சும்மா எடுத்து விட்டேன்."

"நம்புனாவளா?"

"எல்லாவனும்." அதில் பெருமை வேறு.

சண்டை போட்டிருப்பேன். மீன் குழம்பு நன்றாக அமைந்துவிட்டதால் விட்டேன்.

20, செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்து புடவை மாற்றுவதற்குள் ஞானம்மா அக்கா வாசலில். மூன்றாவது வீடு. இட்லி அவித்து விற்பவள். போன மழைக்காலத்தில் அவள் புருஷன் மாட்டுங்கா பக்கம் லோக்கல் ரயிலில் அடிபட்டுச் செத்தார். கால் வழுக்கியதா, தானே விழுந்தாரா, யாரும் பார்க்கவில்லை. ஆனால் தானே விழுந்தார் என்று இந்தச் சந்தே தீர்ப்பு எழுதிவிட்டது. அப்படிச் செத்தவனுக்கு நரகம்தான் என்று அவள் காதுபடவே சொன்னவர்களும் உண்டு.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. இவரைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, அந்தச் சத்தத்துல... தமிழ்ல யாரும் பேசுனாவளா?"

இவர் கையில் டீ கிளாஸ். வாய்க்கும் போகவில்லை, கீழேயும் வைக்கவில்லை.

"அக்கா, அது பொய். நான் சும்மா விட்ட கதை."

"எம் மனசு நோகக்கூடாதுன்னு சொல்லுதிய." போய்விட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம். "எந்த வாயால சொன்னியளோ அந்த வாயாலயே போயி இல்லன்னு சொல்லுங்க" என்றேன். சோறு மட்டும் போட்டேன்.

21, புதன்

மழை விட்டது. ஞானம்மா அக்கா அடுப்பு மூட்டவில்லை. சந்தில் பாதிப் பிள்ளைகள் வெறும் டீயோடு பள்ளிக்கு.

இவர் டீக்கடையில் போய்ப் பொய் என்று சொல்லியாயிற்று. எல்லோரும் தலையாட்டினார்களாம். பிறகு ஒருவர், "வெளிய சொல்லக்கூடாதுன்னு சர்க்கார் ஆர்டர் போட்டிருக்கும், பாவம்" என்றாராம். பொய்க்கு இருக்கிற மரியாதை!

சரி, உண்மையில் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். சொன்னது: குழி அடியில் ஒரு சாண் அகலம்தான், மனிதத் தலை நுழைந்தாலே பெரிது. உள்ளே முழுக்கச் சேற்றுக் குழம்பு, அதை இறைத்து இறைத்துத்தான் துளைக்கிறார்கள். கீழே போகப்போகச் சூடு ஏறும். கம்பியில் கட்டிக் கருவி இறக்குவது நிஜம், ஆனால் சூட்டையும் பாறையையும் அளக்க. மைக் கிடையாது. அமெரிக்காக்காரன் கடலில் கப்பலை நிறுத்திப் பூமியின் மேலோட்டையே துளைக்கப் பார்த்தானாம். செலவு தாங்காமல் பாதியில் விட்டுவிட்டான்.

"இத ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கலாம்லா?"

"இத யாருளா கேப்பா?"

அதுவும் சரிதான். என் ஆறாம் வகுப்பே கேட்காது.

22, வியாழன்

இன்றும் ஞானம்மா அக்கா வீட்டில் புகை இல்லை. மனம் கேட்கவில்லை. சாயங்காலம் இவரையும் இழுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு. கிளம்பும்போது இவர் பெட்டியைக் குடைந்து கைக்குட்டையில் சுற்றிய ஒரு கல்லை எடுத்தார். வகுப்பில் காட்ட எனக்கென்று கொண்டுவந்ததாம். கொடுக்க மறந்தாராம்! கதை சொல்ல மட்டும் மறக்கவில்லை.

சாம்பல் நிறக் கல். ரிக் அறுத்தெடுத்த பக்கம் மட்டும் வழவழவென்று வளைவாக. நடுவில் நகம் அளவுக்கு ஒரு சிப்பி.

"அக்கா, ஒரு மைலுக்குக் கீழ இருந்து வந்தது இதுதான். வேற எதையும் நான் பாக்கல, கேக்கல. ஆண்டவர் சாட்சி."

ஜன்னல் பக்கம் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது உசுரோட இருந்ததா?"

"ஆமா. அந்த எடம் ஒரு காலத்துல கடலு."

"எப்பச் செத்துச்சு?"

"கோடிக்கணக்கான வருசம் இருக்கும்."

"அங்க சூடுன்னு சொல்லுதாவளே?"

"சூடுதான்க்கா. கை வைக்க முடியாது." இந்த முறை பொய் சொல்லவில்லை, அதற்காகவே இவரை மன்னித்தேன்.

கட்டைவிரலால் சிப்பியின் கோடுகளைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒரு கோடுகூட அழியல டீச்சர். இவ்வளவு நாளு கெடந்தும் வேகலியே."

சிப்பி வேறு, மனிதன் வேறு என்று எனக்குத் தெரியாதா? "காலையில இட்லிக்கு வாரேன்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

23, வெள்ளி

மறுபடி மழை. காலையில் அவள் வீட்டுப் புகை. இட்லி வாங்கப் போனேன். கல் அவள் புருஷன் போட்டோவுக்கு முன்னால், பைபிளுக்குப் பக்கத்தில். கல்லைத் திருப்பிக் கேட்கவேண்டாம் என்றார் இவர். கேட்பேனா நான்?

ஆறாம் வகுப்புக்குக் காட்ட வேறு ஏதாவது தேட வேண்டும்.