வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு

ஆவூர்
3.6.2025

அன்புள்ள ஷர்லி அக்காவுக்கு,

நீ உள்ளறையில் மாட்டிவிட்டுப் போன வைஃபை பெட்டியில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. அலமாரி துடைக்கும்போது அதைத்தான் முதலில் பார்த்தேன். அதில் சொருகிய ஹார்டு டிஸ்க் இன்னும் உயிரோடு இருக்கிறது. நீ கேட்ட அம்மா படங்கள் அதில்தான் இருக்கும்.

நான் வேலை பார்க்கும் ஜஸ்டின் அண்ணன் ஜெராக்ஸ் கடை லேப்டாப்பை டைப்பிங் வேலைக்காக வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். அதில் டிஸ்க்கைத் திறந்தால், பழைய பகிர்வு முறை, பாதுகாப்பில்லை என்கிறது. டிஸ்க் வயரைக் கழற்றி நேரே லேப்டாப்பில் சொருகவும் பயம். போன தடவை கழற்றி மாட்டியபோது இரண்டு நாள் வேலை செய்யவில்லை. யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என் போனை அப்பா பார்ப்பார். கடை முகவரிக்கே எழுது.

பிளெஸ்ஸி

திருப்பூர்
8.6.2025

பிளெஸ்ஸிக் குட்டிக்கு,

பள்ளிக்கூடத்துக்குத்தான் பயந்து நின்றாய், லேப்டாப்புக்குமா? அந்தப் பெட்டிக்குப் பழைய முறை மட்டும்தான் தெரியும். புது லேப்டாப் அதை மூடி வைத்திருக்கும். செட்டிங்கில் 'எஸ்எம்பி 1' என்று இருக்கும் அந்தப் பழைய முறைக்கு டிக் போட்டு, ஒருமுறை அணைத்துப் போடு. வேலை முடிந்ததும் டிக்கை எடுத்துவிடு. அது பூட்டில்லாத கதவு.

இத்துடன் வரும் பென் டிரைவில் பாப்பா படங்கள். அம்மா பேரைத்தான் வைத்திருக்கிறோம், செவந்தி. கோபிநாத்தைக் கட்டிக்கொண்டதற்கு அப்பா என் படங்களையெல்லாம் கிழித்தார். என் மகள் படமாவது அந்த வீட்டில் இருக்கட்டும். அம்மா படங்களோடு சேர்த்துப் போடு. நீ மட்டும் பார்.

அக்கா

ஆவூர்
14.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

டிஸ்க் திறந்தது. அம்மா படங்களைப் பென் டிரைவில் ஏற்றி அனுப்புகிறேன், பாப்பா படங்களை டிஸ்க்கில் போட்டுவிட்டேன். பாப்பாவுக்கு அம்மாவின் நெற்றி. டிக்கையும் எடுத்துவிட்டேன்.

ஆனால் நேற்றுச் சாயங்காலம், லேப்டாப் பைக்குள் இருக்கும்போதே, பச்சை விளக்கு விடாமல் துடித்தது. டிஸ்க்கைத் திறந்தால்தான் அது அப்படித் துடிக்கும். யாரோ திறந்திருக்கிறார்கள். வீட்டில் நானும் அப்பாவும்தான். அவர் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், சத்தமே இல்லாமல்.

பிளெஸ்ஸி

திருப்பூர்
18.6.2025

பிளெஸ்ஸி,

தப்பு என்னுடையது. தேர்த் திருவிழா வீடியோ பார்ப்பதற்காக, டிவியில் டிஸ்க்கைத் திறக்க அப்பாவுக்கு நான்தான் பழக்கினேன். மறந்திருப்பார் என்று நினைத்தேன். டிக்கை எடுத்தால் லேப்டாப்புக்குத்தான் மூடும். அந்தப் பழைய டிவிக்கு எப்போதும் திறந்தேதான் இருக்கும்.

பாப்பா படங்களை உடனே அழித்துவிடு. கோபத்தில் டிஸ்க்கை உடைத்தால் அம்மா படங்களும் போய்விடும். உன்னைக் கடைக்கும் அனுப்பமாட்டார்.

அக்கா

ஆவூர்
22.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அழிக்க உட்கார்ந்தேன். லேப்டாப்பைத் திறக்குமுன்பே விளக்கு துடித்துக்கொண்டிருந்தது.

"பிளெஸ்ஸி, இங்கிட்டு வா."

போய்க் கதவோரம் நின்றேன். டிவியில் பாப்பா. அப்பா என் பக்கம் திரும்பவில்லை.

"இது ஒன் வேலையா?"

தலையை ஆட்டினேன்.

"பேரு என்ன வச்சிருக்கா ஒங்கக்கா?"

"செவந்தி."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார்.

"மூஞ்சி சின்னதாத் தெரியுது. பெருசாக்க வருமா?"

ரிமோட்டை வாங்கிப் பெரிதாக்கினேன்.

பிளெஸ்ஸி