கம்ப்யூட்டரில் நின்ற பழைய பேரு

இராஜாக்கமங்கலம்
12.9.2011

கர்த்தருக்குள் பிரியமான மகன் ஜெப்சனுக்கு சித்தி தங்கபாய் எழுதுகேன். ஆண்டவர் கிருபையில நானும் உன் தங்கச்சி சுபிதாவும் இங்க சுகமா இருக்கோம், அங்க கல்ஃப்ல, தமாம் வெயில்ல நீ சுகமா இருக்கியா, நேரத்துக்குச் சாப்பிடுகியான்னு அறிய ஆசை. எனக்கு முட்டுவலி கொஞ்சம் கொறவு. சுபிதாவுக்கு நர்சிங் ரெண்டாம் வருசப் பரீட்சை வருது, அவளுக்காக ஜெபம் பண்ணிக்க. இதெல்லாம் ஞாயித்துக்கிழமை போன்லயே சொல்லிருவேன், ஆனா இப்போ எழுதுகது போன்ல சொல்ல முடியாத காரியம் மக்கா. சுபிதா பக்கத்துலயே நிப்பா, அவளுக்கு இது தெரியாது, உன் சத்தத்தைக் கேட்டா எனக்கும் நாக்கு பொரளாது. எழுத்து கோணலா இருக்கும், பொறுத்துக்க.

நீ வச்சுட்டுப் போன கம்ப்யூட்டர் ஜூன் மாசம் ஒரு இடிக்கு அப்புறம் சரியா ஓடல்ல. நாகர்கோயில்ல ஒரு கடையில கொண்டு குடுத்தேன். அவன் புது விண்டோஸ் போட்டுட்டு பழசை அழிச்சிரட்டா அம்மான்னு கேட்டான், சுபிதாவுக்குப் படிப்பு கெடுதேங்கிற அவசரத்துல நானும் சரின்னு தலையாட்டிட்டேன். வீட்டுல கொண்டு வச்ச பிறகுதான் நெனப்பு வந்துது. உங்க அம்மை, எங்க நேசபாய் அக்கா, கடைசி கிறிஸ்மசுக்கு முந்திரிக்கொத்து உருட்டிக்கிட்டு, ஏலே எடுக்காதல, தலைகூட சீவல்ல, நான் செத்தா இதையாக்கும் நீ எல்லாருக்கும் காட்டப் போறன்னு, வீடியோ எடுத்த உன்னைப் பார்த்துச் சிரிச்சாளே, அந்த வீடியோ பழசுலதானே கெடந்துது.

ஆனா மிசினைப் போட்டா கறுப்புத் திரையில ரெண்டு விண்டோஸ் பேரு வரும், மேல புதுசு, கீழ பழசு. முப்பது எண்ணி முடியுகதுக்குள்ள நாம ஒண்ணைத் தொடணும், இல்லன்னா அதுவே புதுசுக்குப் போயிரும். அந்தப் பழைய பேரைப் பார்த்துதான் எனக்கு உயிர் வந்துது. நம்ம சபை ரெஜிஸ்டர்ல ஆளு போயிட்டா அடுத்த கூட்டத்துலயே பேரை வெட்டிருவாங்கல்லா, பேரு நிக்குதுன்னா ஆளு இருக்குன்னுதானே அர்த்தம். அப்படியே நம்பிட்டேன் மக்கா. மூணு வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து, சுபிதா காலேஜுக்குப் போன பிறகு கதவைச் சாத்தி, அந்தப் பழைய பேரைத் தொட்டுப் பார்த்தேன். மூணு தடவையும் கறுப்புத் திரையில இங்கிலீஷா வந்துது. எழுத்துக் கூட்டிப் படிச்சதுல மிஸ்சிங்னு ஒரு வார்த்தை புரிஞ்சுது, போலீஸ் ஸ்டேசன்ல காணாம போனவங்க போட்டோவுக்கு மேல எழுதியிருப்பாங்களே, அதே வார்த்தை.

ஜங்சன்ல கம்ப்யூட்டர் கடை வச்சிருக்க கிளீட்டஸை சனிக்கிழமை கூப்பிட்டுக் காட்டினேன். அவன் உள்ள எல்லாம் தேடிப் பார்த்துட்டு, யக்கா, பழசு போயிட்டு, இது வெறும் பேரு, எடுத்துரலாம்னு சொல்லுகான். ஒரு சின்னப் பெட்டியில என்னமோ அடிச்சான், ‘பூட்’னு, மிசின் எதுல தொடங்கணும்னு காட்டுக ஒரு பக்கம் வந்துது, அதுல ரெண்டு வரி, பழைய வரியை நீலமாக்கிட்டு டெலீட்டுல கை வச்சான். நான் ஓடிப் போய் அவன் கையைப் பிடிச்சுட்டேன். அக்கா, இப்படிப் பயந்து பேடிக்க என்ன இருக்கு, உள்ள ஒரு மண்ணும் கிடையாதுன்னு சிரிச்சான், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திட்டான். கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டு, எடுத்துரு தம்பின்னு சொன்னேன். ஒரே தட்டு, அந்த வரி இல்ல. இப்போ மிசின் போட்டா நேரே புதுசுதான் வருது.

அந்தப் பேரு நின்ன வரைக்கும் உனக்கு எழுதாம என்னை நானே ஏமாத்திக்கிட்டு இருந்தேன். இனி மறைக்க எடமில்ல. உங்க அம்மையோட சத்தத்தை உன்கிட்டக் கேக்காம அழிச்சது நான்தான். நீ தமாமுக்குப் போகும்போது அதை சிடியிலயோ பென்டிரைவுலயோ எடுத்துட்டுப் போனியா? போயிருந்தா இந்தக் கடிதம் கெடச்சு வருக ஞாயித்துக்கிழமை போன்ல ஆமா சித்தின்னு ஒரே வார்த்தை சொல்லு, எனக்குப் புரிஞ்சிரும். இல்லன்னா வாயில வந்ததெல்லாம் சொல்லித் திட்டு, நான் எதிர்த்துப் பேசமாட்டேன். பேசாம மட்டும் இருந்துராத.

தாயில்லாத உன்னைக் காக்குகவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வெளிய போகும்போது தலையில துண்டு கட்டிக்க, ராத்திரி சங்கீதம் ஒண்ணு வாசிச்சுட்டுப் படு. ஞாயித்துக்கிழமை ஆராதனை விட்டு வந்ததும் போன் பக்கத்துலயே இருப்பேன்.

உன் சித்தி
தங்கபாய்