எல்லோரும் படிக்கும் பாஸ்வேர்டு

பென்னி,

மத்திக் கறி சட்டியில் இருக்கிறது. கப்பைக் கிழங்கை நீயே வேகவைத்துக்கொள்.

ஊருக்கெல்லாம் லினக்ஸ் பாடம் எடுக்கும் வாத்தியார், நம் படங்களெல்லாம் இருக்கும் வீட்டு நெட்வொர்க் பெட்டி கணினியோடு தானாக இணையட்டும் என்று அதன் பாஸ்வேர்டை எஃப்எஸ்டேப் கோப்பில் அப்படியே எழுதி வைத்திருக்கிறார். விருந்தினர் கணக்கில் நுழைபவனும் படிக்கலாம். அன்றே கேட்டேன். "வீட்டுக்குள்ளதானே, யாரு பாக்கப் போறா?" என்றாய்.

உன் தம்பி ஷிண்டோ பார்த்தான். நேற்று சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "சேச்சிக்கு மொட்டைத் தலையும் நல்லாத்தான் இருக்கு" என்றான். கீமோ நாட்களில் நீ எடுத்த அந்தப் படங்களை அம்மாவுக்குக்கூட நான் காட்டியதில்லை.

பாஸ்வேர்டை மாற்றி, நிர்வாகக் கணக்கான ரூட் மட்டும் படிக்கும் தனிக் கோப்பில் வைத்துவிட்டேன். ஐந்து நிமிட வேலை, வாத்தியாரே.

ஆன்சி

பி.கு. படங்களை அழிக்கவில்லை. நீ மட்டும் பார்.