பெட்டியில் கிடந்த சப்பாத்து

பெக்கோக்
3.3.2024

கஸ்தூரிக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. வாட்சாப்பில் உன்னை பிளாக் செய்துவிட்டேன். திட்டுவதற்குக் கடிதம்தான் மிச்சம்.

உன் அண்ணனுக்கு வலது கால் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள். சந்தோஷமா? தீபாவளிக்கு வந்தவள் முறுக்கைத் தின்றுவிட்டு, "அண்ணே, இனிப்புநீருக்கு மருந்து மட்டும் பத்தாது லா, தினம் நடங்க" என்று ஓதிவிட்டுப் போனாய். அவருக்குத் தங்கச்சி சொன்னால் வேதவாக்கு. மத்தியானம் சாப்பிட்டதும் மாரியம்மன் கோயிலைச் சுற்றக் கிளம்பிவிடுவார். அந்த வெயிலில் சிமெண்டுத் தரை தோசைக்கல்லாகக் காயும். வெறுங்காலில் சுற்றியிருக்கிறார். கொப்புளம் வந்ததுகூட அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை.

இனி அவரை நாற்காலியை விட்டு எழ விடமாட்டேன். நீயும் என் வீட்டு வாசலை மிதிக்காதே.

மலர்

தம்போய்
12.3.2024

அண்ணிக்கு,

அழுது முடித்துவிட்டு எழுதுகிறேன். கோபம் மட்டும் ஆறவில்லை. காலில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலில் நடக்கக் கூடாது என்று உங்கள் எதிரில்தானே சப்பாத்து வாங்கிக் கொடுத்தேன்? அது இன்னும் பெட்டியில்தான் கிடக்கிறதா? "நடக்கிறதுதான் நடக்கிறீங்க, ஆத்தாளைச் சுத்துங்க, புண்ணியமாச்சும் சேரும்" என்று அனுப்பி வைத்தது யார்? அண்ணனே போனில் சொன்னார். கோயிலுக்குள் சப்பாத்து போடுவாரா?

எங்கள் அப்பாவையும் இப்படித்தான் பாசத்தோடு நாற்காலியில் உட்கார வைத்தோம். சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. பிறகு அவர் எழவே இல்லை. புண் ஆறி, டாக்டர் சரி என்றதும் அண்ணனை நடக்க விடுங்கள். விடாவிட்டால் அவரைக் கொல்வது நீங்கள்தான். என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அண்ணனை இழக்க என்னால் முடியாது.

கஸ்தூரி

பெக்கோக்
21.7.2024

கஸ்தூரிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அவர் பொறுக்கி ஒட்டி வைத்துக்கொண்டு என் உயிரை வாங்குகிறார்.

புண் ஆறிவிட்டது. டாக்டரும் உன் கட்சிதான். இப்போது சாயங்காலம் பள்ளித் திடலில் நடக்கிறார், நீ வாங்கிய சப்பாத்தோடு. திரும்பி வந்ததும் அதைக் கழற்றி, இரண்டு பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் நான்தான் பார்க்கிறேன். உனக்காகச் செய்யவில்லை. ஆத்தாளை ரோட்டில் நின்றே கும்பிடுகிறார். அவள் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. வாசலை மிதிக்காதே என்று சொன்னது சொன்னதுதான்.

போன வாரம் கிளினிக்கில் எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்கும் இருக்கிறதாம். நடக்கச் சொல்கிறார்கள்.

என் கால் அளவு ஆறு. கறுப்பு வேண்டாம். தபாலில் அனுப்பு.

மலர்