மொரிஸின் படகு ஃபில்டர்

11 பெப்ரவரி 2025, செவ்வாய்

ரிஃபாஸை நான் வாசலில் வைத்துத் திட்டித் துரத்தினேன் என்று கற்பிட்டியில் பேசுகிறார்களாம். பாண் வாங்கிவிட்டு வந்த பக்கத்து வீட்டு றோசமேரி மதிலுக்கு மேலால் சொல்லிவிட்டுப் போனாள். அது பொய். நேற்று அவன் வந்தபோது கதிரை போட்டு, நல்ல கோப்பையில் தேநீர் கொடுத்தேன். என் மகனின் கையைச் சுட்டது அவன்தான் என்றும் நான் எவரிடமும் சொல்லவில்லை.

நடந்தது இவ்வளவுதான். சனிக்கிழமைப் பந்தயத்தில் மகன் கிளைட்டனின் கார் பாதி ஓட்டத்தில் எஞ்சின் உடைந்து நின்றது. புகையைக் கண்டு அவசரப்பட்டு காரின் முன் பொனற்றைத் திறந்தான். வலக் கை வெந்துவிட்டது. அந்த எஞ்சினைப் பந்தயத்துக்கு டியூன் செய்தவன் பாலாவியில் கராஜ் வைத்திருக்கும் ரிஃபாஸ். வெள்ளிக்கிழமை வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத் தங்கையின் நிக்காஹ்வுக்குப் போய்விட்டான். ஆகவே எல்லோருடைய வாயிலும் அவன்தான்.

நான் எதுவுமே சொல்லவில்லை. அதுதான் உண்மை.

12 பெப்ரவரி

கிளைட்டனின் கைக்குக் கட்டு மாற்றினேன். "நேர்ஸ்மாரை விட மம்மிட கை மெதுவு" என்றான். பழைய கட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

14 பெப்ரவரி, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

அந்தக் காரில் முன்பே ஒரு சூப்பர்சார்ஜர் இருந்தது. காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் இயந்திரம். அது போதாதென்று கிளைட்டன் நைட்ரஸ் வாயுச் சிலிண்டரும் வேண்டுமென்று நின்றான். ரிஃபாஸ் எங்கள் வீட்டு வளவில் வைத்துத்தான் பூட்டினான். கையைப் போலவே வாயும் ஓயாது.

"அன்ரி, இந்த கேஸ் தானா எரியாது. எரியிறதுக்குக் காத்துக் குடுக்கும், அவ்வளவுதான். காத்துக் கூடினா பெற்றோலும் கூடணும். கூடல்லண்டா எஞ்சின் சூட்டுல தன்னையே திண்டுரும். இலங்கையில இதச் சரியாச் செய்ற ஆக்கள் ரெண்டு பேர். மத்த ஆள் யாரெண்டு எனக்கு இன்னம் தெரியா."

இந்த வாய்வீச்சு எனக்குப் பிடிக்காது. வேலை மட்டும் துப்புரவு. பந்தயத்துக்கு முதல் நாள், வெள்ளி காலை, ஓட்டிப் பார்க்க மாம்புரி வீதியில் என்னையும் பின் இருக்கையில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காற்றின் அமுக்கம் ஏற ஏறப் பெற்றோலின் அமுக்கமும் கூடவே ஏற வேண்டும். கேஸைத் திறந்துவிட்ட பிறகும் அது இறங்கக் கூடாது. கண்ணாடியில் ஒட்டியிருந்த மானியின் முள்ளை நானே பார்த்தேன். இறங்கவில்லை.

அவன் ஜும்மாத் தொழுகைக்கும் அங்கிருந்து நிக்காஹ்வுக்கும் போன பிறகு, பந்தயத்துக்கென்று பிளாஸ்ரிக் கானில் வாங்கி வைத்திருந்த பெற்றோலைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்தேன். என் கணவர் மொரிஸ் இருந்தபோது, அவருடைய படகு எஞ்சின் கடையில் நாங்கள் எப்போதும் அப்படித்தான் செய்வோம். அடியில் தண்ணீர், முத்து முத்தாக. இந்தக் கரையில் பெற்றோல் கான்கள் மீன்பிடி வள்ளத்துக்கும் போய் வருபவை. தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் ஃபில்டர் இல்லாமல் அவர் ஓர் எஞ்சினையும் கடலுக்கு அனுப்பியதில்லை. அவர் விற்றவற்றில் ஒன்று அலுமாரியில் மிச்சம் இருந்தது. இரண்டு கிளிப்பு, ஒரு ஸ்குறூ டிரைவர். காரின் டிக்கிக்குள், பெற்றோல் தாங்கிக்கும் பம்புக்கும் நடுவில் நானே பூட்டி, மேலே விரிப்பைப் போட்டு மூடினேன். ரிஃபாஸிடம் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை. கிளைட்டனுக்கும் சொல்லவில்லை, சொன்னால் அவன் ரிஃபாஸிடம் கேட்டிருப்பான்.

ஒரு வள்ளத்து எஞ்சின் குடிக்கும் அளவுக்குச் செய்த ஃபில்டர் அது. சூப்பர்சார்ஜருக்கும் நைட்ரஸுக்கும் சேர்த்து அந்தப் பம்ப் இழுக்கும்போது அதற்குள்ளால் எவ்வளவு வரும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கத் தெரியாதவள் அல்ல நான்.

பந்தயத்துக்கு மறுநாள், ஞாயிறு காலை, திருப்பலிக்குப் போக முன்பு, அதைக் கழற்றி அலுமாரியில் எடுத்து வைத்தேன். மொரிஸின் பொருள் என்பதால்.

19 பெப்ரவரி, புதன்

ரிஃபாஸ் வந்து எங்கள் வளவிலேயே எஞ்சினைப் பிரித்தான். மூன்றாவது பிஸ்டனில் ஓட்டை. மெழுகு உருகியதுபோல.

"பெற்றோல் போதாமப் போயிருக்கு" என்றான். பெற்றோல் பாயும் அந்தச் சின்னஞ்சிறு பித்தளை ஜெட்டுகளை எடுத்து, துளைக்குள் கம்பி விட்டு அளந்தான். துடைத்துவிட்டுத் திரும்பவும் அளந்தான்.

"மச்சான், ஜெட் சின்னதாப் போட்டுட்டேனோ தெரியா. நிக்காஹ் அவசரத்துல இருந்தேன்தானே."

"விடுடா" என்றான் கிளைட்டன்.

பந்தயக் கழகம் அவனிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. அது தீரும்வரை அவன் டியூன் செய்த கார் எதுவும் ஓடக் கூடாதாம். வேலைக்கு விட்டிருந்தவர்கள் கார்களைத் திருப்பி எடுத்துப் போகிறார்களாம். அவன் பெருமை அடிப்பதை நிறுத்த வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். இன்று நிறுத்தினான். கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அலுமாரியில் கட்டில் விரிப்புகள் எல்லாம் பெற்றோல் மணக்கின்றன.

22 பெப்ரவரி, சனி

'மொரிஸின் பொருள் என்பதால்' என்று எழுதியிருக்கிறேன். என் நாட்குறிப்பிலேயே பொய்.

ஃபில்டர்தான் காரணம் எண்டு எனக்குத் தெரியும்தானே! லொறியில கார் வந்து இறங்கினதும் தெரிஞ்சுபோச்சு. பிறகேன் கழட்டினாய், எமலின்? ஏன் குழாயைத் திரும்பப் பொருத்தி, கிளிப்பை இறுக்கி, கையைக் கழுவி, நற்கருணை வாங்கப் போனாய்? கொன்வென்ற் சிஸ்டர்மார் இதைத்தானா படிப்பிச்சவை?

பிழை பூட்டியதில் மட்டும் என்றால் இன்று சொல்லியிருப்பேன். கழற்றியதைத்தான் சொல்ல முடியவில்லை.

28 பெப்ரவரி

பாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சூப்பர்சார்ஜர் வரை வந்தபோது பாதருக்குக் கொட்டாவி வந்தது. ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். சொன்னேன். பாலாவியில் ஒன்றும் மாறியிருக்காது.

5 மார்ச், விபூதிப் புதன்

கோயிலில் இருந்து நேரே பாலாவிக்கு பஸ் ஏறினேன். ஃபில்டர் பைக்குள்.

கராஜில் ரிஃபாஸ் மட்டும். முற்றத்தில் ஒரு காரும் இல்லை. என் நெற்றிச் சாம்பலைப் பார்த்ததும் பழைய சிரிப்பு வந்தது.

"என்ன அன்ரி, நீங்களும் எஞ்சினுக்குள்ள தலையப் போட்டீங்களா? இரிங்க. நோன்பு, தேத்தண்ணி தர ஏலாது."

ஃபில்டரை மேசையில் வைத்து, பூட்டியதையும் கழற்றியதையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. பம்ப் ஒன்றை எடுத்து, அதற்கு முன்னால் ஃபில்டரைப் பூட்டி, வாளிக்குள் ஓடவிட்டான். பம்ப் நாய்க்குட்டிபோல முனகியது. பெற்றோல் நூலாக வந்தது. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓடவிட்டான். வாளி பொங்கியது.

"அப்ப என்ட ஜெட் சரி."

"சரி, ரிஃபாஸ்."

"தண்ணி இரிந்திச்சா உண்மையா?"

"இருந்தது."

"ஒரு ஃபோன் கோல் எடுத்திருந்தா பெரிய ஃபில்டரே கொண்டுவந்து பூட்டித் தந்திருப்பேனே!" பம்பை மேசையில் வைத்தான். "நித்திரை இல்ல எனக்கு. ராத்தாட மகன் கேக்குறான், மாமா நீங்களா அந்த அங்கிள்ட கையச் சுட்டீங்க எண்டு. நான் ஓம் எண்டு சொன்னேன், அன்ரி. ஓமெண்டு!"

மன்னிப்புக் கேட்டேன். வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தான்.

"வாயால சொன்னது எனக்குக் காணாது. கழகத்துக்கு எழுதுங்க. அதுக்கு முதல் கிளைட்டனுக்குச் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்."

பஸ் நிறுத்தம் வரை வந்து விடுவான் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஏன் வர வேண்டும்?

6 மார்ச்

சொன்னேன். கிளைட்டன் கரண்டியை வைத்துவிட்டான்.

"ஒவ்வொரு நாளும் இந்தக் கையைக் கட்டினீங்களே மம்மி. ஒவ்வொரு நாளும்."

எழுந்து போய்விட்டான்.

7 மார்ச்

அவனே ஒற்றைக் கையால் கட்டு மாற்றிக்கொண்டான். கோணல். நான் எழும்பவில்லை.

9 மார்ச், ஞாயிறு

காலையில் ரிஃபாஸ் லொறி கொண்டுவந்தான். கிளைட்டன் எஞ்சினை அதில் ஏற்றி பாலாவிக்குக் கொண்டுபோனான். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. ரிஃபாஸ் லொறியில் இருந்தபடியே என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான்.

கழகத்துக்கு எழுதியதன் பிரதி:

செயலாளர் அவர்களுக்கு,

பெப்ரவரி எட்டாம் திகதி என் மகனின் எஞ்சின் உடைந்ததற்குக் காரணம் திரு. ரிஃபாஸின் டியூனிங் அல்ல. அவர் முடித்துக் கொடுத்த பிறகு, எவரிடமும் கேளாமல், பெற்றோல் குழாயில் படகு எஞ்சினுக்குரிய ஃபில்டர் ஒன்றை நான் பூட்டினேன். நைட்ரஸ் திறந்தபோது வேண்டிய பெற்றோல் அதற்குள்ளால் வரவில்லை. பந்தயத்துக்கு மறுநாள் காலை அதைக் கழற்றி மறைத்தவளும் நானே. அதனால் அவருக்கும் அது தெரியவில்லை, உங்களுக்கும் தெரியவில்லை. ஃபில்டர் இத்துடன் வருகிறது. நீங்களே பூட்டிப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை உரத்து வாசிக்கவும். என் பெயரை விட்டுவிட வேண்டாம். திரு. ரிஃபாஸ் மீது குற்றம் இல்லை என்பதை எழுத்தில், கையொப்பத்துடன், பாலாவியில் அவருடைய கராஜ் விலாசத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எமலின் கொரேரா