பாண்காரனின் மெட்டும் உன் கச்சேரியும்

இன்று பின்னேரமும் பாண்காரனின் ஓட்டோ நம் ஒழுங்கை முகப்பில் வந்து நின்றது. பற்றரி இறங்கிவிட்டதோ என்னவோ, பாண் வந்துவிட்டதென்று ஊருக்கெல்லாம் சொல்லும் அந்த மெட்டு தொண்டை கட்டியவர் பாடுவதுபோல இழுபட்டுக்கொண்டு வந்தது. கூடவே அடுப்பில் வெந்த சூட்டுப் பாணின் வாசமும் வந்தது. "சுருதி நல்லா இறங்கிட்டுகா" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். உன் கதிரையில் மடித்து வைத்த துணிகள்தான் இருந்தன. நீ போன பிறகு மாரிமழையும் வந்து போய்விட்டது. என் வாய்க்கு மட்டும் இன்னும் அது தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் நாம் ஒரே வாங்கில் இருந்தவர்கள். கன்னியாஸ்திரிமார் மடத்துப் பியானோவில் நீ ஏறி உட்கார்ந்த நாளிலிருந்து உன்னை இறக்க ஆளில்லாமல் போயிற்று. கொழும்புக்குப் போனாய், அங்கிருந்து இலண்டனுக்குப் போனாய், பெரிய பெரிய மண்டபங்களில் கறுப்புச் சேலை உடுத்து வாசித்தாய். நான் எங்கும் போகவில்லை. தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்தே வயது போய்விட்டது. ஒவ்வொரு முறை வரும்போதும், "உலகம் முழுக்க வாசிச்சிட்டன், மட்டக்களப்பில மட்டும் ஒருக்காலும் வாசிக்கல்ல" என்பாய். "இஞ்ச யார்கா இருந்து கேக்கிற?" என்று நான் பகிடி பண்ணுவேன். நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய். அது உனக்குப் பகிடியாக இருக்கவில்லை என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

கடைசியாக நீ நம் கல்லடிக்கு வந்தபோது, அம்மாவைப் பார்க்க வந்ததாக ஊருக்குச் சொன்னாய். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் நீ திரும்பிப் போகவில்லை, முன்னறையில் பியானோ வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கத் தொடங்கினாய். ஒருநாள் குசினியில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். அடுப்பில் கேத்தல் கொதித்து விசிலடித்தது. நீ அதற்குப் பக்கத்திலேயே நின்றும் அணைக்கவில்லை. நான் எழும்பி வந்து அணைத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் உனக்குப் பிடிபட்டுவிட்டது.

"எனக்கு அது கேக்கல்லகா" என்றாய். "மேல் சத்தம் எல்லாம் போயிட்டு. கீழ்ச் சத்தமும் போய்க்கொண்டுதான் இருக்கு."

காது மெஷின் போட்டுப் பார்த்திருக்கிறாய். அதில் இசை, தகரத்தில் கல் விழுந்த மாதிரிக் கேட்கிறதாம். பிள்ளைகளுக்குப் படிப்பிக்காமல் இருந்தால் செத்துவிடுவேன் என்றாய். "நீ என்ட காதா இரு. ஆனா ஒண்டு, காது பொய் சொல்லக் கூடா." நான் சரி என்றேன்.

அன்றிலிருந்து உன் முன்னறையின் மூலையில் ஒரு கதிரை எனக்கு. கையில் பின்னல் ஊசி, கண் பிள்ளையின் மேல், காது பியானோவில். பிள்ளை பிழையான கட்டையைத் தொட்டால் வலது கால் பெருவிரலை உயர்த்துவேன். தாளம் பிந்தினால் இடது கால். நீ என் கால்களைப் பார்த்துக்கொண்டே, "ம், திரும்ப வாசி" என்பாய். "மிஸ்ஸுக்கு முதுகிலயும் காது கிடக்கு" என்று பிள்ளைகள் தங்களுக்குள் குசுகுசுத்துக்கொள்வார்கள். கெட்டிக்காரி என்ற பேர் முழுக்க உனக்கு, பித்தவெடிப்பு மட்டும் எனக்கு. சில நேரம் நீ பியானோவின் மரத்தில் தாடையை வைத்துக் கேட்பாய், மீன் பாடுவதைக் கேட்க வாவியில் துடுப்பை இறக்கி அதன் நுனியில் காதை வைப்பதுபோல. கொஞ்ச நாளில் மரமும் உன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது.

அதற்குள் பியானோவும் கெட்டுக்கொண்டு வந்தது. நமக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே பொரிந்து கொட்டுகிறது, பியானோக் கம்பி எம்மாத்திரம்? கொழும்பிலிருந்து சுருதி சேர்க்க வந்துகொண்டிருந்தவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். எத்தனையோ பேரைக் கேட்டோம், வேறொருவர் கிடைக்கவில்லை. "எப்பிடி இருக்கு?" என்று நீ கேட்பாய். "நடுவில கனக்கப் பிசகிட்டு" என்பேன். "மேல ரெண்டு கட்டை ஊமை" என்பேன். நீ தலையாட்டுவாய். பிசகியதென்று சொல்ல எனக்குத் தெரிந்தது, எவ்வளவு பிசகியதென்று சொல்லத் தெரியவில்லை. உன் தலைக்குள் இருந்த பியானோவில் துருவே ஏறவில்லை. நீ அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தாய்.

காத்தான்குடியிலிருந்து ஸப்ரா என்ற பிள்ளையைக் கூட்டி வரும் அவளுடைய உம்மாவை நினைவிருக்கும். கட்டாரில் இருக்கும் வாப்பா கீபோர்ட் ஒன்று வாங்கி அனுப்பியதால் படிக்க வந்த பிள்ளை. ஒருநாள் உம்மா வாசலில் நின்றுகொண்டு கேட்டா: "மிஸ், அந்தப் பாண்காரன்ட பாட்டை எங்கட புள்ளக்கி எப்ப படிச்சித் தருவீங்க?" நான் உனக்கு விளங்க உதட்டை அசைத்துத் திருப்பிச் சொன்னேன். நீ சிரித்த சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. எந்த நாட்டிலோ எவரோ ஒரு பெண்பிள்ளைக்காக எழுதிய மெட்டு, நம் ஊரில் பாணுக்குச் சொந்தமாகிவிட்டது.

சிரித்து முடித்த கையோடு, "கச்சேரி வைப்பம்" என்றாய். "எல்லாத்தையும் வாசிச்சிட்டுக் கடைசியா அந்தப் பாட்டை வாசிக்கிறன். சனத்துக்குத் தெரிஞ்ச ஒண்டாவது இருக்க வேணுமே."

"பியானோ சரியில்லகா."

"தெரியும். சமாளிப்பன்."

"சமாளிக்க ஏலா."

"நான் பாக்காத பியானோவா?" என்று எழும்பிப் போய்விட்டாய். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்துப் பல காலம். அதற்கு மேல் பேச எனக்கு மனம் வரவில்லை, பேசினாலும் நீ கேட்டிருக்க மாட்டாய்.

கோயில் மண்டபத்துக்குப் பியானோவை லொறியில் ஏற்றிப் போனார்கள். பின்னேரத் தேத்தண்ணி நேரம். பிளாஸ்ரிக் கதிரைகள் நிறையச் சனம். நீ கறுப்புச் சேலையில் வந்து குனிந்து வணங்கினாய். உன் கைகளைப் பார்த்தால் கண்ணெடுக்க முடியவில்லை. காதைத் திறந்தால் தகரக் கடை. நம் சனம் மரியாதை தெரிந்த சனம், ஒருவரும் எழும்பிப் போகவில்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு, பிரசங்கம் கேட்பதுபோலப் பொறுமையாக இருந்தார்கள். ஒவ்வொரு பாட்டு முடியவும் உன்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். முன் வரிசையில் இருந்த நான் கால்களைக் கதிரைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். எந்த விரலை உயர்த்துவது?

கடைசியாக அந்த மெட்டைத் தொட்டாய். பின் வரிசைப் பிள்ளைகள் துள்ளி எழும்பினார்கள். "பாண்! பாண் வந்திட்டு!" என்று வாசலுக்கு ஓட்டம். ஒரு கிழவர் மகளிடம், "றோஸ் பாண் கிடக்கா எண்டு பாரு புள்ள" என்றார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. சனம் ஓடுவதையும் சிரிப்பதையும் நீ பார்த்தாய். கை நிற்கவில்லை. வாசித்து முடித்து, குனிந்து வணங்கி, இறங்கி வந்தாய்.

வீட்டுக்கு நடந்து வரும்போது வாவிக்கரையில் நின்று கேட்டாய், "ஏன்கா எல்லாரும் சிரிச்ச?"

நான் சொன்னேன். நீயும் சிரித்தாய். நல்ல சிரிப்பு. பிறகு என் முகத்துக்கு நேரே வந்து நின்றாய். "அப்ப மிச்சமெல்லாம் எப்பிடி இருந்த?"

நீ உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அதனால் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல வேண்டியிருந்தது. "நீ வாசிச்ச ஒண்டும் வெளிய வரல்லகா. ஒரு மெட்டும் மெட்டா வரல்ல. அந்தப் பாண்காரன்ட மெட்டு மட்டும்தான் சனத்துக்கு விளங்கின."

நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "சரி" என்றாய்.

மறுநாள் பிள்ளைகளை வர வேண்டாம் என்றாய். ஸப்ராவின் உம்மா வந்து கண் கலங்கக் கேட்டும் நீ மனம் இறங்கவில்லை. பியானோ மண்டபத்திலிருந்து திரும்பி வரவேயில்லை, நீயும் கேட்கவில்லை. என்னோடு கோபிக்கவும் இல்லை. கோபித்திருந்தால் நான் பதிலுக்கு ஏசியாவது ஆறியிருப்பேன். எதிரெதிரே இருந்து தேத்தண்ணி குடித்தோம், கதைத்தோம், நோய்வருத்தம் வந்து நீ படுக்கையில் விழும் வரைக்கும் அப்படியே இருந்தோம். இசையைப் பற்றி மட்டும் ஒரு சொல் கதைக்கவில்லை.

நீ போன பிறகு ஆட்கள் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள், கடைசிவரை கூட இருந்தீர்களே என்று. எனக்குள் கிடப்பது ஆறுதல் இல்லை. "நல்லா இருந்துகா" என்று அன்று சொல்லியிருந்தால், நீ கண்மூடும் நாள்வரை வாசித்திருப்பாய். கேட்காத காதோடு, கெட்ட பியானோவில், சந்தோசமாக வாசித்திருப்பாய். இத்தனையும் தெரிந்த பிறகும், இன்றைக்கு நீ எழும்பி வந்து அதே இடத்தில் நின்று கேட்டால், அன்று சொன்னதையேதான் சொல்லுவேன். பொய் சொல்லாத காதைத் தவிர நீ வேறு எதையும் என்னிடம் கேட்டதில்லையே.