தலகோனா அருவியில் தயாளண்ணன் கேட்டது

நவம்பர் 18, வியாழன்

காலையிலிருந்து தூறல். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் முழுக்கச் சேறு. துவைத்த சட்டை இன்னும் ஈரம். ரூமுக்குள் பூஞ்சை வாடை.

மதியம் சூப்பர்வைசர் தயாளண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். ஒரகடத்தில் புது பிளான்ட், லைன் லீடர் வேலை, திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். இதைத் தயாளண்ணன் என்னிடம் சொல்லவில்லை. கேன்டீனில் ரசம் ஊற்றும் அம்மா சொல்லித்தான் தெரியும். "இன்னாபா, உன் ஜோடி ஒரகடம் போவுது போல கீது?"

அவர் போனால் எனக்கு இங்கே யார்?

இரண்டு வருஷமாக பிரஸ் மெஷினில் எதிரெதிரே நிற்கிறோம். தகட்டை நான் வைப்பேன், அடித்ததை அவர் எடுப்பார். இரண்டு பேரும் பட்டனை அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். அதனால் ஒவ்வொரு அடிக்கும் அவர் முகத்தைப் பார்த்தாக வேண்டும். பெற்ற தாய் முகத்தைக்கூட நான் இவ்வளவு பார்த்ததில்லை. இரைச்சலில் பேச்சுக்கு வழியில்லை, எல்லாம் கைதான். டீ, பாத்ரூம், தகடு கோணல், சூப்பர்வைசர் வருகிறார், எல்லாவற்றுக்கும் சைகை உண்டு. அவர் ஏதாவது கத்தினால் பாதி காதில் விழாது. விழாவிட்டாலும் சரி என்று கட்டைவிரலைத் தூக்கிவிடுவேன். அவரும் அப்படித்தான். என்ன என்னவென்று கேட்டுக்கொண்டிருந்தால் லைன் நின்றுவிடும்.

சனி, ஞாயிறு மெயின்டனன்ஸ், மெஷின் ஓடாது. எங்கள் மெஷின் ஷாப் ஆட்கள் வேன் பிடித்து சந்திரகிரி கோட்டையும் தலகோனாவும் போகிறார்கள். மலைக்காடு, அருவி, தேசியப் பூங்காவாம். பேர் கொடுத்துவிட்டேன். அங்கே சத்தம் இருக்காது. போகாதீங்கண்ணே என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

வாங்க: பிஸ்கட், சோப்பு, டார்ச் செல்.

நவம்பர் 19, வெள்ளி

மழை விட்டுவிட்டு. டீ டைமில் கேட்டுவிடலாம் என்று போனால் அவரைச் சுற்றி நாலு பேர், கிரிக்கெட் பேச்சு. உப்புக்குச் சப்பாணியாக நின்றுவிட்டு வந்தேன்.

ஊருக்கு போன். அம்மா: "யார்கூடயாவது சேந்து போய்ட்டு வால. தனியாத் திரியாத." சேர்ந்துதான் போகிறேன் என்றேன். சோப்பு வாங்க மறந்தாயிற்று.

நவம்பர் 20, சனி

வெயில். வேனில் எல்லாரும் குடும்பத்தோடு. எனக்குக் கடைசி சீட், புளிசாத அண்டாவுக்கும் கேஸ் அடுப்புக்கும் நடுவில். முட்டியெல்லாம் அண்டா சூடு. தயாளண்ணன் முன்னால், பக்கத்தில் அவர் மனைவி, மடியில் மகள். ஒரு தடவை திரும்பி, சாப்பிட்டாயா என்று கையால் கேட்டார். அதோடு சரி.

சந்திரகிரி. விஜயநகர ராஜாக்கள் இருந்த கோட்டை. ராஜா மகால், ராணி மகால், பின்னால் மொட்டைப் பாறை மலை. ராணிக்கு எதற்குத் தனி மகால் என்று ஒருவர் கேட்க, வெல்டிங் ஆள் ஒருவர், "ஒரே வூட்ல இருந்தா டெய்லி சண்ட வரும்ல, அதான்." ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. குரூப் போட்டோவுக்கு எல்லாரும் நின்றார்கள். குடும்பம் இல்லாத ஆள் என்று கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். பிரிண்ட் போட்டுப் பார்த்தால் நான் வரவே இல்லை என்றுதான் தெரியும்.

சாயங்காலம் தலகோனா. வழி நெடுக இரண்டு பக்கமும் காடு. டிரைவர் செம்மரம் காட்டினார். பார்த்தால் சாதா மரம்தான்.

காட்டு பங்களா வாசற்படியில் தயாளண்ணன் தனியாக. போய் உட்கார்ந்தேன். அவ்வளவு அமைதி.

"குளுருது இல்ல?"

"ஆமாண்ணே."

"உங்க ஊர்ல மழையா?"

"பெய்யுதாம்ணே."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஓடவில்லை. இந்த மனிதரிடம் எல்லாம் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மகள் பேரே இன்றைக்குத்தான் தெரியும், யாழினி. அந்தப் பிள்ளை அவருக்கு இடது பக்கம் வந்து அப்பா, அப்பா என்று கூப்பிட்டது. அவர் திரும்பவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி, "அந்தக் காதுல கேக்காதுடி. இந்தாண்ட வந்து சொல்லு." எத்தனை நாளாக இப்படி? கேட்கவில்லை. போகாதீங்க என்று சொல்லவும் இல்லை.

நவம்பர் 21, ஞாயிறு

காலையில் பனி. பிஸ்கட் பாக்கெட்டைக் குரங்கு கொண்டுபோனது. மலையடியில் சித்தேஸ்வரர் கோயில். வேண்டிக்கொண்டது அதேதான். பிறகு பாறையில் ஏற்றம், வழுக்கல், செருப்பு வார் அறுந்தது.

அருவி! என்ன இரைச்சல். நம் ஷாப்புக்குள் நுழைந்த மாதிரி. தயாளண்ணனுக்கு உயிர் வந்துவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்: வா, பார்த்து, பாசி, தள்ளி நில். சூப்பர்வைசர் வருகிறார் என்று நான் காட்ட, மனிதர் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். வயிறு வலிக்கச் சிரித்தோம். சுற்றி இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சந்தோஷமாக இருந்தது. ஊரை விட்டு வேலைக்கு வந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷம் இல்லை.

பிறகு கிட்டே வந்து என் காதருகில் ஏதோ சொன்னார். கொஞ்சம் நீளமாக. முகத்தில் சிரிப்பில்லை. ஒரு எழுத்துகூட விழவில்லை, காதெல்லாம் தண்ணீர். கட்டைவிரல் தானாக எழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். தோளைத் தட்டிவிட்டு மகளிடம் போய்விட்டார்.

என்ன சொல்லியிருப்பார்? வேனில் கேட்கலாமென்றால் பாட்டுச் சத்தம். அவர் நல்ல தூக்கம். காலையில் கேட்க வேண்டும்.

நவம்பர் 22, திங்கள்

மறுபடி மழை. தொடை வலி. ஷிப்ட் தொடங்குமுன் லாக்கர் பக்கம் தயாளண்ணன்.

"ஒத்துக்கினேன்டா. சூப்பர்வைசர் வந்தா சொல்லிடறேன். நாளைலேர்ந்து ஒரகடம்."

"என்னண்ணே, எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே?"

"இன்னா நைனா, அருவிலயே கேட்டனே? லீடரா கூப்புடறாங்க, உன்ன வுட்டுட்டுப் போவட்டான்னு. நீதான் டக்குனு வெரல தூக்குன." லாக்கரைப் பூட்டினார். "வோணாம்னு சொல்லுவன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா நின்னிருப்பேன்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால்.

காதில் விழவில்லை என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். இன்னும் நேரம் இருந்தது. சூப்பர்வைசர் அப்போதுதான் பைக்கை ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்தார். தயாளண்ணன் காதடைப்பான் மாட்டிக்கொண்டிருந்தார். வலது காதுக்கு மட்டும். மற்றதற்கு அடைத்து என்ன, அடைக்காமல் என்ன. லீடர் என்றால் பாதி நாள் சத்தம் வராத கண்ணாடி ரூம். இங்கேயே நின்றால் இருக்கிற ஒரு காதும் போய்விடும்.

"யோசிச்சுத்தாண்ணே தூக்குனேன். போய்ட்டு வாங்க."

அடைப்பானைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவ்ளோதானா?"

அவ்வளவுதான் என்றேன்.